இடது காதில் மட்டும்

ஜூலை மழையில் வலது இயர்போன் செத்துப்போனது.
சம்பளம் வரட்டும் என்று
அல்சூரிலிருந்து விஜயநகர் வரை
பத்து நிறுத்தமும் ஒற்றைக் காதோடு போய்வந்தேன்.
"முந்தின நில்தாண" என்கிறது மெட்ரோக் குரல்.
கன்னடத்தில் அது அடுத்த நிறுத்தம்.
ஏழு வருஷமாகியும் என் காதுக்கு
கடந்துபோன நிறுத்தமாகவேதான் கேட்கிறது.
முதலிலேயே சொல்லிவைக்கிறேன்,
நான் தப்பாகக் கேட்கக்கூடியவள்.

பலூன் ஆபீஸ், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.
மஞ்சள் டங்கரி போட்ட நான்கு பேர்.
பற்பசை விளம்பரத்தில் வருவார்கள்,
மால் திறப்புகளில் காகிதப்பூவைச் சுட்டுத் தெளிப்பார்கள்.
பாகிலு தெகி, பாகிலு தெகி
கதவைத் திற, வெயில் வந்திருக்கு
கதவைத் திற, தோசை தீயுது
பிறகு டப் டப் என்று கைதட்டல்.
எல்.கே.ஜி. பிள்ளைகள் ஆண்டுவிழாவில் இதற்கு இடுப்பை ஆட்டுகிறார்கள்.
குக்கர் விசில் எண்ணுகிற நேரத்தில்
நானும் பாடுகிறவள்தான்.

இடது காதில் மட்டும்
இன்னொருத்தி இருந்தாள்.
ஒவ்வொரு தெகிக்கும் பின்னால்
மூச்சைப் பிடித்தபடி, தாளத்துக்குச் சற்றுப் பிந்தி,
"சிலக நின் கடெ" என்றாள்.
லெவினா. போஸ்டரில் ஓரமாக நிற்பவள்.
இந்த வருஷத்துப் போஸ்டரில் மூன்றே பலூன்.

என் கன்னடம் காய்கறிக் கன்னடம்.
நின் கடெ என்றால் உன் பக்கம், அதுவரை தெரியும்.
சிலக யாரோ ஒரு பெண் என்று நினைத்தேன்.
மார்க்கெட் தெரு ஹார்டுவேர் கடையில் கேட்டபோது
தேவராஜு பதில் சொல்லவில்லை.
ட்ராயரை இழுத்து
ஆறங்குல இரும்பை மேஜைமேல் வைத்தார்.
"எஷ்டு பேக்கு?"

தாழ்ப்பாள்.
தாழ்ப்பாள் உன் பக்கம்.

சம்பளம் வந்தது. இரண்டு காதிலும் புது இயர்போன்.
அவள் இல்லை.
வலப்பக்கத்து ட்ரம்பெட் ஒன்று
அவள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

என் வேலையும் கேட்பதுதான்.
வாடிக்கையாளர் அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவேன்.
சிரித்தபடி பேசினாரா? ஆம் எனில் ஐந்து.
சிரிப்புக்குப் பின்னால் என்ன கேட்டது என்பதற்குக்
கட்டம் கிடையாது.
பக்கத்து நாற்காலி பிரணேஷ்
பாட்டை ஸ்பீக்கரில் ஒருமுறை ஓடவிட்டுச் சொன்னான்:
"உனக்கு லீவு வேணும்."

ஆயுத பூஜையன்று ஆபீசில் பொரி, பூசணிக்காய்,
அப்புறம் அந்தப் பாட்டு.
முப்பது பேரும் நான்கு தட்டி நிறுத்த
நான் மட்டும் ஐந்தாவது தட்டினேன்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அடுத்த சுற்றிலும் என் கை நிற்கவில்லை.
ரெக்கார்டில் போட்டுப் பார்த்தேன், நான்குதான்.
பிறகு இந்த ஐந்தை எங்கே கற்றேன்?

எங்கள் மாடியில் இரண்டே வீடு.
எதிர்வீட்டு ஸ்ரீஹர்ஷா நல்ல பையன்.
லிஃப்டைப் பிடித்து நிறுத்துவான், தண்ணீர் கேன் தூக்கித் தருவான்.
தனியாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறான்.
நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்
இந்தப் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டுப் போவான்.
"வீடு வெறிச்சுனு இருக்கக் கூடாது மேடம்."
பத்து மணிவரை திரும்பத் திரும்ப அதே பாட்டு.
பூட்டுப் போடமாட்டான், வெளித்தாழ்ப்பாள் மட்டும்.
இந்த ஊரில் இப்படியும் ஒரு நம்பிக்கையா என்று
ஒரு வருஷமாக வியந்துகொண்டிருந்தேன்,
விசில் எண்ணியபடி.

இன்றைக்கு அடுப்பை அணைத்தேன்.
செருப்பில்லாமல் நடந்தேன்.
வராந்தா நான்கே எட்டு.
வெயில் வந்திருக்கு, தோசை தீயுது.
டப். டப். டப். டப்.

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து,
தாளத்துக்குச் சற்றுப் பிந்தி,
டப்.